வீட்டுத் தாள்களும் படங்களும் எங்கே இருக்க வேண்டும்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், அப்பகுதித் தமிழ்ச் சங்கங்கள், சமாஜங்கள், சபாக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும்,



தாராவியில் ஒரு குடும்பம் இனி எங்கே குடியிருக்கும் என்பதை இன்று சில பழைய தாள்களே முடிவு செய்கின்றன. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் விதிகளின்படி, 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிறுவும் குடும்பத்துக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். அந்தத் தேதிக்கும் 2011 ஜனவரி 1ஆம் தேதிக்கும் இடையில் வந்த தரைத்தளத்தவர் ரூ. 2.5 லட்சம் செலுத்தித் தாராவிக்கு வெளியே வீடு பெற வேண்டும். அதன் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் வசிப்பவர்களுக்கும் வாடகையும் தவணையும் கலந்த முறையில், அதுவும் தாராவிக்கு வெளியே, வீடு ஒதுக்கப்படும். 2024 மார்ச் 18 அன்று கமலா ராமன் நகரில் தொடங்கிய வீடுவீடான சர்வேயில் காட்டப்படும் சான்றுகளைக் கொண்டே தகுதியுள்ளோர், இல்லாதோர் என்று பிரிக்கும் ‘அனெக்சர்-2’ பட்டியல் உருவாகிறது. பழைய லைட் பில், வாக்காளர் பட்டியலின் நகல், 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டி வழங்கப்பட்ட போட்டோ பாஸ், வீட்டிலேயே தொழில் நடத்துவோர் மாநகராட்சியிடம் பெற்ற குமாஸ்தா லைசென்ஸ் என்னும் கடைப் பதிவுச் சான்று ஆகியவையே அந்தச் சான்றுகளில் முதன்மையானவை. கால் நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு லைட் பில்லுக்கு ஒரு வீட்டின் மதிப்பு வந்து சேர்ந்திருக்கிறது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நிலைமை வேறு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்ட 1932ஆம் ஆண்டுக் காலம் முதல் எழுத்தர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்து நிலைபெற்ற அக்குடும்பங்களுக்கு வீட்டுரிமை பற்றிய அச்சம் பெரும்பாலும் இல்லை; அங்கே அலமாரிகளில் இருப்பவை மூன்று தலைமுறைக் கல்யாண ஆல்பங்கள், வி.எச்.எஸ். நாடாவிலிருந்து டிவிடிக்கு மாற்றப்பட்ட உபநயன வீடியோக்கள், கச்சேரிப் பதிவுகள், அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வாழும் பிள்ளைகள் அனுப்பிய பல்லாயிரம் கைபேசிப் படங்கள். தாள் குறைவு, அளவு பெரிது.

இவ்விரு வகைக் குடும்பங்களிடமும் ஒரே கேள்வி எழுகிறது: இவற்றை ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றுவதா, அல்லது ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதா? கிளவுட் என்பது, ஒரு நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளில் இணையம் வழியாகக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு. ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி., பென் டிரைவ் ஆகியவை கையில் வைத்திருக்கும் சேமிப்புக் கருவிகள். கேள்வி பொதுவாக விலையைப் பற்றியதாகவோ வசதியைப் பற்றியதாகவோ கேட்கப்படுகிறது. எந்த ஆபத்து எந்தெந்தப் படிகளை (நகல்களை) ஒருசேர அழிக்கும் என்பதைப் பற்றியதாக அது கேட்கப்பட வேண்டும் என்பதும், அப்படிக் கேட்டால் தாராவிக்கு ஒரு விடையும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வேறொரு விடையும் கிடைக்கும் என்பதுமே இம்மடல் சொல்ல வருவது.

வீட்டைச் சூழ்ந்த ஆபத்திலிருந்து தொடங்குவதே முறை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸ் வானிலை நிலையம் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழையைப் பதிவு செய்தது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் மழை 100 மி.மீ.-ஐக்கூட எட்டவில்லை. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரைச் சுமந்து வந்து தாராவியின் வட விளிம்பை ஒட்டி மாஹிம் கழிமுகத்தில் கலக்கும் மீத்தி ஆறு, கடல் ஏற்றமும் சேர்ந்ததால் நீரை வெளியே விட இயலாமல் திரும்பிப் பாய்ந்தது. ‘கோலி’ எனப்படும் தரைத்தள அறை வீடுகளில் தாள்கள் வழக்கமாக இருக்கும் இடம் கட்டிலுக்கடியில் உள்ள தகரப் பெட்டியோ பீரோவின் கீழ்த்தட்டோ ஆகும். நீர் முதலில் எட்டிய இடமும் அதுவே. பத்தாண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், சென்னையிலும் இதுவே நேர்ந்தது. பள்ளிச் சான்றிதழ்களையும் பட்டாக்களையும் வெள்ளத்தில் இழந்தவர்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

அரசு அலுவலகத்தில் மூலக் கோப்பு இருக்கும், கேட்டால் கிடைக்கும் என்று நம்பியிருப்பவர்கள் 2012 ஜூன் 21ஆம் தேதியை நினைவில் கொள்ள வேண்டும். அன்று மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயக் கட்டடத்தின் நான்காம் தளத்தில் பற்றிய தீ மேல் தளங்களுக்கும் பரவி, உயிர்களைப் பறித்ததோடு மாநில அரசின் ஏராளமான கோப்புகளையும் எரித்தது. ஒரு குடும்பத்தின் தாளுக்கு அலுவலகத்தில் இருக்கும் இணைப்படியும் ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறது, அக்கட்டடமும் எரியக்கூடியது.

தாராவிக்கு இப்போது மூன்றாவது ஆபத்து ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மறுசீரமைப்பின்போது குடும்பங்கள் வாடகை வீட்டுக்கோ இடைக்கால முகாமுக்கோ பெயர வேண்டியிருக்கும். வீடு மாறும் நேரத்தில்தான் சிறு பொருள்கள் காணாமல் போகின்றன. டெம்போவில் ஏற்றப்பட்ட மூட்டைகளுக்கிடையே உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க் ஒன்று விழுந்தாலோ நசுங்கினாலோ அன்று அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இங்கே காப்புப் படி, அதாவது பேக்கப், என்ற சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்வது தேவையாகிறது. மூலம் அழிந்த பிறகும் எஞ்சும் வகையில், மூலத்தோடு சேர்ந்து அழியாத வேறோர் இடத்தில் வைக்கப்படும் முழு நகலே காப்புப் படி. கைபேசியில் இடமில்லை என்று படங்களையெல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் கைபேசியிலிருந்து நீக்கிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அவ்வாறு செய்த பிறகு இருப்பது ஒரே படி, அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஒத்திசைவு எனப்படும் சிங்க் என்பதும் காப்புப் படி ஆகாது. கூகுள் போட்டோஸ் போன்ற செயலிகள் கைபேசியில் உள்ளதையும் கிளவுடில் உள்ளதையும் ஒன்றாக வைத்திருக்க முயல்கின்றன; அதனால் பேரக்குழந்தை விளையாட்டாக ஒரு படத்தை நீக்கினால் அது கிளவுடிலிருந்தும் நீங்கிக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது, 60 நாள்களில் அங்கிருந்தும் அழிகிறது. கணினியில் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்னும் தீநிரல், அந்நேரத்தில் கணினியோடு இணைந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டுகிறது. இணைந்தே இருக்கும் இரண்டு படிகள் ஒரே நேரத்தில் கெடும் என்பதால், அவற்றை இரண்டு என்று எண்ணிக்கொள்வது தவறு.

இனி ஹார்ட் டிஸ்க். அதற்குள் காந்தப் பூச்சுள்ள வட்டத்தட்டுகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் செய்யும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில், காற்றில் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து ஒரு முறை விழுந்தால் அம்முனை தட்டைக் கீறிவிட வாய்ப்புண்டு; கீறிய பகுதியில் இருந்தது மீளாது. பேக்பிளேஸ் என்னும் அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன்னிடமுள்ள ஏறத்தாழ 3 லட்சம் ஹார்ட் டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் அவற்றில் ஆண்டுக்குச் சுமார் 1.5 விழுக்காடு பழுதாகியிருக்கின்றன. குளிரூட்டப்பட்டு, தூசி வடிகட்டப்பட்டு, மின்சாரம் தடையின்றி வரும் அறையில் கிடைத்த எண் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும் நகரத்தில், மிக்ஸியும் மோட்டாரும் ஓடும் அதே இணைப்பில், துணிகளுக்கிடையே வைக்கப்படும் டிஸ்க்குக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

பென் டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் சுழலும் உறுப்பு ஏதுமின்றி, நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துத் தரவைச் சேமிக்கின்றன. விழுந்தாலும் தாங்கும் என்பதால் அவை பாதுகாப்பானவை என்று கருதப்படுகின்றன. ஆனால் மின்சாரமின்றிக் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசிகிறது. இத்துறையின் தரநிர்ணய அமைப்பான ஜெடெக் வகுத்த விதி, வீட்டுப் பயன்பாட்டுக்கான ஓர் எஸ்.எஸ்.டி. அதன் எழுதும் ஆயுள் முழுதும் பயன்பட்ட பிறகு, 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்கிறது. புதிய கருவி அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்பது உண்மையே. எனினும் ஸ்டுடியோக்காரர் கல்யாணப் படங்களைப் போட்டுக் கொடுத்த பென் டிரைவை அப்படியே நகைப் பெட்டியில் வைத்துப் பத்தாண்டு கழித்துத் திறக்கலாம் என்று இருப்பது ஆபத்தானது. இக்கருவிகளை வாங்க லாமிங்டன் ரோட்டு மின்னணுக் கடைவீதியில் நம்பகமான கடைகள் உள்ளன. ஆனால் நடைபாதையிலும் இணையத்திலும் நம்ப முடியாத குறைந்த விலைக்கு விற்கப்படும் 2 டிபி பென் டிரைவ்கள் பெரும்பாலும் போலிகள். அவை தம்மை 2 டிபி என்று கணினியிடம் சொல்லிக்கொண்டு, உள்ளே இருக்கும் சில ஜிபி நிறைந்ததும் பழைய கோப்புகளின் மேலேயே புதியவற்றை எழுதுகின்றன. எழுதக்கூடிய டிவிடிக்களின் சாயப்பூச்சும் இந்த ஈரப்பதத்தில் மங்கிவிடுவதால், அவற்றில் உள்ளவற்றைத் தாமதமின்றி வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

கிளவுட் பற்றிப் பேசும்போது, அதுவும் நவி மும்பையின் ஐரோலி, மஹாபே போன்ற இடங்களிலும் உலகின் பிற நகரங்களிலும் உள்ள தரவு மையங்களில் அடுக்கப்பட்ட டிஸ்க்குகளே என்பதை மறக்கலாகாது. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றொன்றில் நகல் இருக்கும்படி அங்கே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. வெள்ளம், திருட்டு, கீழே விழுதல் ஆகிய வீட்டு ஆபத்துகள் அங்கே எட்டுவதில்லை. அந்த வகையில் அது வீட்டு டிஸ்க்கைவிடப் பல மடங்கு உறுதியானது. ஆனால் அங்கும் எல்லாம் அழியாமல் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத்தில் பற்றிய தீயில், அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் கிளவுட் அழிந்தது. 858 டிபி தரவுக்கு வேறெங்கும் காப்புப் படி இல்லை, அளவு மிகப் பெரிது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் சந்தாவே தவறான அமைப்பு ஒன்றினால் நீக்கப்பட்டது. இரு வேறு இடங்களில் இருந்த படிகளும் ஒரே சந்தாவுக்குள் இருந்ததால் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியே வைத்திருந்த காப்புப் படிகளும் மீட்புக்குக் கைகொடுத்தன. படிகள் எத்தனை ஊர்களில் இருந்தாலும், அவை ஒரே சந்தாவின்கீழோ ஒரே கணக்கின்கீழோ இருக்குமாயின் அதன் கதியே அவற்றின் கதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கிளவுடில் உள்ள உண்மையான ஆபத்தும் கணக்கு சார்ந்ததே, தீ சார்ந்ததன்று. புதிய கைபேசி வாங்கும்போது கடைக்காரப் பையனே ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, தனக்குத் தோன்றிய கடவுச்சொல்லைப் போட்டு, ப்ளே ஸ்டோர் திறந்தால் போதும் என்று கொடுத்தனுப்புவது வழக்கமாகிவிட்டது. அடுத்த கைபேசிக்கு அடுத்த கணக்கு. இப்படி ஒரே ஆளின் படங்கள், அவருக்கே பெயர் தெரியாத மூன்று நான்கு கணக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. கடவுச்சொல்லை மீட்கக் கணக்கு கேட்பது ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் குறியெண்; அது போவது பழைய சிம்முக்கு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்பட்டிருக்கலாம். ஊருக்குப் போய் ஆறு மாதம் தங்கி வரும் பெரியவர்களுக்கு இது எளிதில் நேரக்கூடியது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை உள்ளடக்கத்தோடு நீக்குவதாகக் கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. மறந்துபோன அந்தக் கணக்குகளும் இந்த விதிக்குள் வருபவை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் தன் குழந்தையை எடுத்த படத்தைத் தானியங்கி நிரல் குற்றப் படமாகக் கருதியதால், அவருடைய கணக்கு முழுதும் மூடப்பட்டது. காவல்துறை அவர்மேல் குற்றமில்லை என்று முடிவு செய்த பிறகும் கணக்கு திரும்பவில்லை என்று 2022இல் செய்தி வெளியாயிற்று. அத்தகைய நேர்வுகள் அரிதே. ஆனால் முறையிடச் சென்று நிற்க ஒரு கவுண்டர் இல்லை என்பது எல்லோருக்கும் பொதுவான நிலை.

விலையைப் பொறுத்தவரை நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. கூகுள் கணக்கு ஒவ்வொன்றிலும் 15 ஜிபி இலவசம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் அது பொது. 2021 ஜூன் 1 வரை உயர்தரப் படங்களை வரம்பின்றி இலவசமாக ஏற்ற முடிந்தது. அன்றோடு அது நின்றுவிட்டது, அந்த வாக்குறுதியை நம்பிப் படங்களைக் குவித்தவர்கள் இப்போது மாதக் கட்டணத்துக்குள் வந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2 டிபி இடத்துக்கு ஆண்டுக்கு ரூ. 6,500 என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் கட்டணம். ஏறக்குறைய அந்த ஓராண்டுக் கட்டணத்துக்கே அதே கொள்ளளவுள்ள கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றை அண்மை ஆண்டுகளில் வாங்க முடிந்திருக்கிறது. கட்டணம் நின்றால் கிளவுடில் புதிதாக எதுவும் ஏறாது. வரம்பை மீறிய நிலை இரண்டு ஆண்டுகள் நீடித்தால் இருப்பதும் நீக்கப்படலாம். வாங்கிய டிஸ்க்குக்குப் பிறகு கட்டணமில்லை, ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது புதியது வாங்கி மாற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால், தாராவிக் குடும்பங்களுக்குக் கிளவுடே முதலிடம் பெறுகிறது. அங்கே காக்க வேண்டியது அளவில் மிகச் சிறியது: முன்னூறு தாள்களை ஒவ்வொன்றும் 1 எம்பி அளவில் ஸ்கேன் செய்தாலும் மொத்தம் 300 எம்பிதான், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆபத்தோ முழுவதும் இடம் சார்ந்தது. வீடே இடம் மாறவிருக்கும்போது, வீட்டோடு சேர்ந்து மாறாத ஒன்றுதான் பயன்படும். ஆகவே குடும்பத்தில் ஒருவர் பெயரில், கடவுச்சொல் தெரிந்த ஒரே கணக்கு, அதில் நடப்பில் உள்ள கைபேசி எண், மீட்பு மின்னஞ்சலாகக் குடும்பத்தின் இன்னொருவர் முகவரி, இருபடிச் சரிபார்ப்பை இயக்கியதும் கணக்கில் கிடைக்கும் அவசரக் குறியெண்களின் அச்சுப்படி ஒன்று ரேஷன் கார்டு உறையில்: இவை முடிந்த பிறகு தாள்களை ஏற்றினால் அந்தப் பணி முக்கால் பங்கு நிறைவேறியதாகும். மீதிக் கால் பங்கு, அதே 300 எம்பியை ஒரு பென் டிரைவிலும் போட்டு வேறு பகுதியில் வசிக்கும் உறவினரிடம் கொடுத்து வைப்பது.

மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்களுக்கோ ஹார்ட் டிஸ்க் முதலிடம் பெற வேண்டும். 200 ஜிபி வீடியோவையும் படங்களையும் நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் கிளவுடுக்கு அனுப்ப 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மீட்டுக்கொள்ளும்போதும் அதுபோலவே நேரம் வேண்டும். டிஸ்க்கில் அது ஒரு பிற்பகல் வேலை. ஆனால் ஒரு டிஸ்க் போதாது. மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒரு படி வேறு இடத்தில் என்று பீட்டர் க்ரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 முறையில், மேலைநாட்டார் பணம் கொடுத்துத் தேடும் அந்த ‘வேறு இடம்’ மும்பைத் தமிழர்க்கு ஏற்கெனவே இருக்கிறது. அது ஊர். தாதரிலிருந்து திருநெல்வேலிக்கும் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து நாகர்கோவிலுக்கும் ஓடும் ரயில்களில் மே மாத விடுமுறைக்குப் போகும் குடும்பம், ஒரு டிஸ்க்கை ஊர் வீட்டில் வைத்துவிட்டு, சென்ற ஆண்டு வைத்ததைத் திருப்பி எடுத்துவந்து, அதில் புதியவற்றைச் சேர்த்து அடுத்த ஆண்டு மீண்டும் கொண்டுபோகலாம். மும்பையின் மழையும் தாமிரபரணியின் வெள்ளமும் ஒரே நாளில் இரு வீடுகளையும் கொண்டுபோவது அரிதினும் அரிது. இது தாராவிக் குடும்பங்களுக்கும் பொருந்தும்; திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களோடு அவர்களுக்குள்ள உறவு மற்றவர்களைவிட நெருக்கமானது. இவ்வளவு எளிதாகக் கைக்கெட்டும் பாதுகாப்பு பயன்படுத்தப்படாமல் கிடப்பது வருந்தத்தக்கது.

ஸ்கேன் செய்த படி மூலத்துக்கு ஈடாகுமா என்பது தனியே பேச வேண்டியது. 2015 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருவகை ஆவணங்கள் உள்ளன. துறைகளே நேரடியாக அதில் வழங்கும் ஆவணங்கள், இத்தகைய பெட்டகங்களுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளில் 2017இல் சேர்க்கப்பட்ட 9ஏ விதியின்படி மூலத்துக்கு இணையானவை. பயனர் தாமே ஸ்கேன் செய்து ஏற்றுபவை அவ்வகையில் சேர மாட்டா; அவை கிளவுடில் உள்ள வேறெந்தக் கோப்பையும் போன்றவையே. 1999ஆம் ஆண்டு லைட் பில் இரண்டாம் வகை. நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியம் என்னும் சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு வடிவிலான பதிவுகளுக்குச் சான்றளிப்பு ஒன்றைக் கேட்கிறது. எனவே காப்புப் படி இருக்கிறது என்று மூலத்தை அலட்சியமாக விட்டுவிடலாகாது. ஆயினும், மூலம் அழிந்தபின் அதன் எண்ணும் தேதியும் நுகர்வோர் குறியீடும் தெளிவாகத் தெரியும் ஒரு ஸ்கேன் கையில் இருந்தால், மின்சாரம் வழங்கும் பெஸ்ட் நிறுவன அலுவலகத்திலோ தேர்தல் அலுவலகத்திலோ மறுபடி கேட்டுப் பெறுவதற்கு ஒரு நுனி கிடைக்கிறது. அது இல்லாதவருக்கு எதைக் கேட்பது என்பதே தெரியாமல் போகும். தாளின் இரு பக்கங்களும், மடிப்புக்குள் மறைந்த முத்திரையும், ஓரத்தில் பேனாவால் எழுதிய எண்ணும் விழும்படி ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மறைகாப்பைப் பற்றிப் பெரும்பாலோர் கவலைப்படாதிருப்பது அச்சம் தருகிறது. தாராவியின் 90 அடிச் சாலையானாலும் மாட்டுங்கா நிலையத்தின் வெளிப்புறமானாலும், ஜெராக்ஸ் கடைக் கணினித் திரையில் முன்பின் தெரியாதவர்களின் ஆதார், பான், வங்கிப் புத்தகப் படிகள் வரிசையாகக் கிடப்பதைக் காணலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுத்தவர் அதை நீக்கச் சொல்வதில்லை, கடைக்காரரும் நீக்குவதில்லை. தாள்களை வீட்டுக் கைபேசியிலேயே ஸ்கேன் செய்துகொள்வது இதில் பாதியைத் தவிர்க்கும். ஊருக்குக் கொண்டுபோகும் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து, அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க இயலாதபடி உள்ளடக்கத்தை மாற்றி, வைப்பதும் தேவை. வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. அந்தக் கடவுச்சொல் மறந்தால் எவராலும் திறக்க முடியாது என்பதால் அதை இருவர் அறிந்திருக்க வேண்டும். பழைய டிஸ்க்கைக் காயலான் கடையில் போடுமுன் அதை முழுதும் அழித்தெழுத வேண்டும் என்பதை, எறியப்பட்ட ஒவ்வொன்றும் எப்படி மீண்டும் பயனுக்கு வருகிறது என்பதை அன்றாடம் கண்ணால் காணும் தாராவி மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பத் தலைவர் மறைந்தபின் அவருடைய கணக்கு யாருக்கு என்பதும் உயிரோடிருக்கும்போதே முடிவு செய்ய வேண்டியது. கூகுள் கணக்கில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ என்னும் அமைப்பு உண்டு. 3 முதல் 18 மாதங்கள் வரை கணக்கு அசைவற்று இருந்தால் உள்ளடக்கத்தை யாருக்கு அளிப்பது என்று பத்துப் பேர் வரை குறித்துவைக்கலாம். ஆப்பிள் கருவிகளில் 2021 முதல் ‘மரபுத் தொடர்பாளர்’ ஒருவரை நியமிக்கலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் தன் மறைவுக்குப் பின் தன் தரவு உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையை வகுத்துள்ளது. வங்கிக் கணக்குக்கு வாரிசு எழுதுவதில் கவனமாக இருக்கும் குடும்பங்கள் இதையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும்.

இறுதியாக, சங்கங்களுக்கும் சபாக்களுக்கும். சண்முகானந்தா அரங்கம் 1990இல் தீக்கிரையாகி, 1998இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடத்தை எழுப்பிவிடலாம், ஒரே படியாக இருந்த கச்சேரி ஒலிநாடாவை எழுப்ப முடியாது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களில் வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளவேயில்லை. அந்த இழப்பின் நினைவு அகலாத சமூகத்தில் 2005 முதல் நூலகம் என்னும் தன்னார்வ நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியைப் போல நெடுங்கால நிகழ்ச்சி வரலாறு கொண்ட அமைப்புகளும், சயானிலுள்ள தமிழ்ச் சங்கமும், மற்றச் சமாஜங்களும் தங்களிடமுள்ள ஆண்டுமலர்கள், நாடாக்கள், கூட்டக் குறிப்பேடுகள் எவையெவை வேறெங்கும் இல்லாதவை என்று முதலில் பட்டியலிட வேண்டும். நாடாவை இயக்கும் கருவிகள் பழுதுபார்க்க ஆளின்றி அருகிவருவதால் நாடாக்களே முதலில் எடுக்கப்பட வேண்டியவை.

தாராவியில் அடுத்தடுத்த பகுதிகளுக்கு அனெக்சர்-2 வெளியாகுமுன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கேன் முகாம்கள் நடத்த இச்சங்கங்களால் இயலும். மடிக்கணினி தெரிந்த கல்லூரி மாணவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நிறையவே இருக்கிறார்கள். முகாமில் சங்கத்தின் கணினியில் ஒரு தாளின் படிகூடத் தங்கலாகாது. குடும்பத்தின் கைபேசியிலேயே ஸ்கேன் செய்து, குடும்பத்தின் கணக்கிலேயே ஏற்றி, குடும்பத்தின் பென் டிரைவிலேயே சேர்க்க வேண்டும். எழுந்து போகுமுன், வந்தவர் அந்தக் கணக்கை வேறொரு கைபேசியில் தாமே திறந்து, லைட் பில்லின் நுகர்வோர் எண்ணைப் பெரிதாக்கிப் படித்துக் காட்ட வேண்டும். படிக்க முடியவில்லை என்றால் ஸ்கேனையும், திறக்க முடியவில்லை என்றால் கணக்கையும் அங்கேயே மறுபடி செய்ய வேண்டும்.